பதினொரு சடையில் பத்து

சடை தானாக விழும் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். தானாக விழுவது சிக்கு. சிக்குக்கும் சடைக்கும் உள்ள வித்தியாசம், குவிந்து கிடக்கிற பஞ்சுக்கும் விளக்குத் திரிக்கும் உள்ள வித்தியாசம். நடுவில் ஒருவருடைய கை இருக்கிறது. அந்தக் கை ஒன்பது வயதுப் பிள்ளையின் கையாகவும் இருக்கலாம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு ஓரிடத்தில் முழுதாக ஒரு வருடம் இருந்ததில்லை. கச்சான் கடலை பிடுங்கியிருக்கிறேன், நாயாற்றில் கருவாடு காய வைத்திருக்கிறேன், ஆடைத் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்குப் பொத்தான் தைத்திருக்கிறேன். இப்போது சீசனுக்குச் சீசன் கிழக்குக் கடற்கரைக்குப் போய், அலையில் விளையாட வருகிற வெள்ளைக்காரருக்கும் கொழும்புப் பிள்ளைகளுக்கும் சாமியார்களுக்கு இருப்பதுபோலச் சடை போட்டுக் கொடுக்கிறேன். எங்கே படித்தாய் என்று கேட்பார்கள். ஒட்டுசுட்டானில் என்பேன். அங்கே இதற்கொரு பள்ளிக்கூடம் இருப்பதாக நினைத்துத் தலையாட்டுவார்கள்.

நான் படித்தது என் அத்தையின் தலையில்.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தது. காடு வெட்டினோம், வீடு கட்டினோம், எல்லோரோடும் சேர்ந்து இடம்பெயர்ந்தோம், எல்லோரோடும் சேர்ந்து திரும்பி வந்தோம். அப்படியும் ஊர்க்காரருக்கு நாங்கள் ‘மலைக்காரர்’தான். அவர்களுடைய வயலில் கதிர் அறுக்கலாம். தாகம் என்றால் சிரட்டையில் தண்ணீர் ஊற்றித் தருவார்கள். ஊர் அம்மன் கோயிலில் எங்களுக்குக் கடைசி வரிசை. அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. எங்கள் கால்கள் தாமாகவே போய் அங்கே நிற்கும்.

அத்தை அப்பாவின் தங்கச்சி. அவருடைய கணவர் கடைசிச் சண்டையில் காணாமற் போனவர். செத்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை. அதனால் அத்தை பொட்டை அழிக்கவில்லை. எங்கள் வளவுக்குப் பின்னால் அவருக்கென்று அரை ஏக்கர் காணி, ஒரு அறையும் குசினியுமாக ஒரு சின்ன வீடு, நாலு பப்பாசி மரம். வேலிக்கு அப்பால் காடு. யானை வந்தால் தகரத்தைத் தட்டிக் கலைப்பார். காலையில் வேலைக்குப் போவார், மாலையில் வந்து கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்பார். அவருக்கு அது போதுமாயிருந்தது. மற்ற எல்லோருக்கும்தான் போதாமல் இருந்தது.

யாரைவிடவும் நெளுக்குளத்து மாமாவுக்குப் போதாமல் இருந்தது. அவர் எங்களுக்குத் தூரத்து உறவு, மனைவியை இழந்தவர், ஒரு லொறி வைத்திருந்தார். மாதத்துக்கு ஒருமுறை முந்திரிகைப் பழமும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு வந்து அப்பாவோடு பேசிக்கொண்டிருப்பார். பேச்சு அப்பாவோடு, பார்வை அத்தையின் காணியில்.

“நாளைக்கே எம் புருசன் வந்து நின்னா நான் என்னா பதில் சொல்றது?” என்று அத்தை கேட்பார்.

“வர்றவன் இத்தன வருசத்துல வந்திருப்பான்ல?” என்பார் அப்பா.

நான் பிஸ்கற் தின்றுகொண்டிருப்பேன். எனக்கு மாமாவைப் பிடிக்கும்.

ஒரு சித்திரை வெயிலில் அத்தைக்கு அம்மாள் வருத்தம் வந்தது. உடம்பெல்லாம் கொப்பளம். வேப்பிலைப் படுக்கை, இளநீர், மோர். தலைக்குத் தண்ணீர் இல்லை, சீப்பு இல்லை. அத்தையின் முடி சுருட்டை முடி, இடுப்பளவு நீளம். மூன்று கிழமை சீப்புப் படாமல் படுத்தே கிடந்ததில் பிடரிப்பக்கம் ஒரு பிடி முடி கயிறாகத் திரண்டுவிட்டது. தலைக்கு வார்த்த அன்று அம்மா என்னிடம் சீப்பைத் தந்து, உன் விரல்தான் மெல்லிசு, நீ போய்ச் சிக்கெடு என்று அனுப்பினார். சீப்பில் இரண்டு பல் உடைந்தது. சிக்கு அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து, அப்பா வேலை செய்கிற வயலின் சொந்தக்காரி வேலிப் படலையில் வந்து நின்றார். வேலைக்கு ஆள் கேட்டு வந்தவர். எப்போதும் படலைக்கு வெளியே நின்றே கூப்பிடுகிறவர். அத்தையின் பிடரியைக் கண்டதும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

“ஐயோ, அம்மாள் சடை போட்டிட்டாவெல்லே! பிள்ளை, சீப்பை எடு, சீப்பை எடு! வெட்டிக் கிட்டிப் போடாதேங்கோ!”

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் முற்றத்துக்குள் வந்தார். என் வாழ்நாளில் நான் அதை அன்றுதான் கண்டேன்.

அடுத்த முறை வந்த நெளுக்குளத்து மாமா தேத்தண்ணி குடிக்கவில்லை. கதிரையின் நுனியில் கொஞ்ச நேரம் இருந்தார். போகும்போது படலையடியில் நின்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். “அம்மன் புடிச்ச எடத்துல நாம கை வக்கக் கூடாது மச்சான். கொஞ்ச நாள் போகட்டும்.”

லொறி போன பிறகு அத்தை கண்ணாடியை எடுத்துவைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“புள்ள, மத்த முடியும் இதே மாதிரி வருமா?”

வரும் என்றேன். எங்கள் வீட்டில் விளக்குத் திரி திரிக்கிறவள் நான். என் திரி ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகாது. முடியும் பஞ்சும் எனக்கு வேறாகத் தெரியவில்லை.

“ஆனா ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது. அம்மாகிட்டகூட. சொன்னா சாமி கோவிக்கும்.”

ஏன் கோவிக்கும் என்று நான் கேட்டேன். அத்தை முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

பத்துப் பங்காகப் பிரித்தேன். ஒவ்வொரு பங்கையும் நுனியிலிருந்து வேர் நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோதிக் கலைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து ஒரே திசையில் உருட்டினேன். வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற முடியைச் சடைக்குள்ளே குத்தி இழுக்க ஒரு முள்ளம்பன்றி முள் வைத்திருந்தேன், காட்டோரத்தில் பொறுக்கியது. ஊசி முடியை அறுக்கும், முள் அறுக்காது. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பிழை விட்டுப் பிழை விட்டுக் கண்டுபிடித்தேன். முதல் மாதம் எண்ணெய் வைத்து உருட்டினேன். முறுக்கு எல்லாம் வழுக்கி விட்டுப் போயிற்று, திரும்பவும் தொடங்கினேன். இரண்டாம் மாதம் ஈரம் காயுமுன் கொண்டை போட்டுவிட்டோம். பழந்துணிபோல ஒரு நாற்றம். அதற்குப் பிறகு சனிக்கிழமை காலையில்தான் முழுக்கு. செவ்வரத்தம் இலையை அரைத்துப் பிழிந்த சாறு, கடைசித் தண்ணீரில் ஒரு தேசிக்காயின் புளி. பிறகு அத்தை பாயில் குப்புறப் படுப்பார். நான் ஒவ்வொரு சடையாகத் துணியில் சுற்றிப் பிழிந்து, கவிழ்த்த சுளகின் மேல் பரப்பி வெயிலில் காயவிடுவேன். காய்ந்ததும் வேர்களைப் பார்க்க வேண்டும். புதிதாக வளர்கிற முடி பக்கத்துச் சடையோடு சேரப் பார்க்கும். அதைப் பிரித்து அதனதன் சடையோடு உருட்டிவிட வேண்டும். ஒரு கிழமை விட்டால் இரண்டு சடை ஒன்றாகிவிடும்.

விறகுக்குப் போகும் நாளில் எல்லாவற்றையும் உச்சியில் வளையமாகச் சுற்றிவிடுவேன், அதுவே சும்மாடு. வெள்ளிக்கிழமைகளில் பாதியை மேலே கட்டி, மீதியைத் தோளில் விழ விட்டு, ஒரு சிவப்புத் துணி. அத்தைக்கு அது நன்றாக இருக்கும். அவர் கண்ணாடி பார்க்கும்போது நான் கண்ணாடிக்குள் என் வேலையைப் பார்ப்பேன்.

ஆறு ஏழு மாதத்தில் பதினொரு சடையும் முற்றிவிட்டன. ஊர் வரத் தொடங்கியது.

எனக்குக் கோபம் வரத் தொடங்கியதும் அப்போதுதான். எங்களுக்குச் சிரட்டையில் தண்ணீர் தந்த பெண்கள் அத்தையின் சடை நுனியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், மாடு காணவில்லை, மகனுக்கு வெளிநாடு சரிவரவில்லை என்று சொல்லி அழுதார்கள். அத்தை அதிகம் பேசமாட்டார். “அம்மா பாத்துக்குவா” என்பார், திருநீறு கொடுப்பார். அது போகட்டும். அவர்கள் சடையைப் பற்றிப் பேசியதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

“அம்மாள் எவ்வளவு வடிவாத் திரிச்சிருக்கிறா, பாரன்.”

“மனிசராலை இப்பிடி ஏலுமே? எல்லாம் ஒரே அளவு.”

ஏலும்! பக்கத்தில் நிற்கிறேனே! என் விரல் நுனிகள் தோலுரிந்து கிடக்கின்றனவே! நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் ஒரு சடையின் வேர் தளர்ந்திருப்பதைக் கண்டு, சரிசெய்வோம் என்று கையை நீட்டினேன். அந்த வயல்காரம்மா என் கையில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினார்.

“தொடாதை பிள்ளை. அம்மாளின்ர சடை. கண்ட கையாலையும் தொடுறதே?”

என் சடையை நான் தொடக்கூடாதாம். அத்தையைப் பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்தார். அன்றிரவு நான் சோறு தின்னவில்லை. வயிற்றுவலி என்று நினைத்து அம்மா கசாயம் தந்தார்.

அப்பா மட்டும் அந்த வருடம் ஒரு அங்குலம் உயர்ந்திருந்தார். ஊர்க்காரர் அவரை ‘அண்ணை’ என்று கூப்பிட்டார்கள். வைகாசிப் பொங்கலுக்கு முதற் பால்செம்பை அத்தைதான் எடுக்க வேண்டும் என்று கோயிலிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு கதிரையிலிருந்து எழுந்து நின்று “சரிங்க, சரிங்க” என்றார். அவர்கள் போன பிறகும் நின்றுகொண்டே இருந்தார். கடைசி வரிசையிலிருந்து ஒரேயடியாக முதல் ஆளாக.

பொங்கல் நாள் விடியமுன் எழும்பி நான் அத்தைக்குச் செய்த அலங்காரத்தைப் போல இன்றுவரை யாருக்கும் செய்ததில்லை. ஆறு சடையை உச்சியில் கிரீடமாக வளைத்து, ஒன்றின் நுனியை மற்றதன் அடியில் செருகி, இடையிடையே வேப்பிலைக் கொழுந்து வைத்தேன். நூல் இல்லை, கொண்டையூசி இல்லை. மீதி ஐந்தும் முதுகில் விழுந்தன. மஞ்சள் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு. கோயில் வீதியில் அத்தை வந்தபோது சனம் இரண்டு பக்கமும் விலகிக் கும்பிட்டது. நெளுக்குளத்து மாமாவும் கூட்டத்தில் நின்று கும்பிட்டார்.

பூசாரி செம்பை அத்தையின் தலையில் ஏற்றுமுன் சனத்தைப் பார்த்து உரத்துச் சொன்னார்.

“எல்லாரும் வடிவாப் பாருங்கோ. சீப்புப் படேல்லை, மனிசக் கை படேல்லை. அம்மாள் தன்ர கையாலை போட்ட சடை!”

அந்த நேரம் கிரீடத்தில் ஒரு நுனி நழுவியது. நான் ஓடிப்போய்ச் செருகப் பார்த்தேன். வயல்காரம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

“உனக்கு எத்தினை தரம் சொல்லுறது? அங்காலை போ!”

ஒரு வருடமாக அடக்கிவைத்தது வாய்க்கு வந்துவிட்டது.

“நான்தான் போட்டனான்! அம்மாள் போடேல்லை! நான்தான் உருட்டினனான்!”

மேளம் நின்றது. அப்பா பாய்ந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். அறை விழுந்ததும் எனக்கு இன்னும் நியாயம் வேண்டியிருந்தது. நான் நியாயமானவள் என்று காட்டவும் வேண்டியிருந்தது.

“பிடரியிலை இருக்கிறது மட்டும்தான் அம்மாள் போட்டது! மற்றப் பத்தும் நான் செய்தது! வேணுமெண்டால் இப்ப உருட்டிக் காட்டுறன்!”

கடவுளுக்குச் சேரவேண்டிய ஒன்றைக் கடவுளுக்கே விட்டுக்கொடுத்தேன். அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

பூசாரி கெட்டவர் இல்லை. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். வெற்றிலையில் ஒரு கட்டிக் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி என் முன்னால் நீட்டினார்.

“பிள்ளை, இதிலை அடிச்சுச் சத்தியம் பண்ணு. உண்மையெண்டால் கை வேகாது. பொய்யெண்டால் வெந்துபோம். யோசிச்சுக் கதை.”

நான் யோசிக்கவில்லை. நான் சொன்னது உண்மை, நெருப்புக்கு அது தெரியும். வலது கையை விரித்து மேலே கொண்டுபோனேன். சூடு உள்ளங்கையில் முட்டியது.

“கைய எடு புள்ள.”

அத்தையின் குரல். அவர் ஒன்றும் பேசாமல் நின்றிருக்கலாம். இது பொய் சொல்லுது, கூறுகெட்ட பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அவரைத்தான் நம்பியிருப்பார்கள். என் கை வெந்திருக்கும், அதுவே நான் பொய்க்காரி என்பதற்கு அத்தாட்சியாகியிருக்கும்.

“கைய எடுன்னு சொல்றேன்ல” என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, தன் இடுப்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். பிறகு பூசாரியைப் பார்த்தார். “அது சொல்றது நெசந்தாங்க. பத்தும் அதுதான் உருட்டுச்சி. நான்தான் உருட்டச் சொன்னேன்.”

வயல்காரம்மா தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதக்கணக்காக அந்தச் சடைகளைக் கண்ணில் ஒற்றிய கை. சேலையில் ஒரு தரம் துடைத்தார், போதாதென்று இன்னொரு தரம் துடைத்தார்.

“மலைக்காரரின்ர புத்தி” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். செம்பு வேறொரு தலைக்குப் போயிற்று.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். அத்தையின் இடுப்போடு ஒட்டிக்கொண்டு, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன்.

குற்றம் தீரத் தலையை வழிக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் காலை கோயில் கேணியடியில் அத்தை குந்தியிருந்தார். ஒரு சடை, இரண்டு சடை என்று மண்ணில் விழுந்தன. ஈர மண்ணில் பதினொன்றும் ஒன்றுபோலக் கிடந்தன. எது அம்மாள் போட்டது, எது நான் போட்டது என்று எனக்கே தெரியவில்லை. நான் குழறி அழுதேன். அத்தைக்காக அழுகிறேன் என்று பெண்கள் இரக்கப்பட்டார்கள். நான் என் வேலைக்காக அழுதேன்.

அதற்குப் பிறகு அத்தையை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மாலையானால் யாராவது அவருடைய வீட்டுக் கூரைக்குக் கல்லெறிவார்கள். ஒருநாள் ஒரு ஆண்குரல் வேலிக்கு வெளியே நின்று, “அம்மாள் சடை போட்டாவாமே, இனி ஆர் காவல்?” என்று கேட்டுச் சிரித்தது. அப்பா பொல்லோடு ஓடினார். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார். “தங்கச்சி, இனித் தனியா இருக்க ஏலாதும்மா” என்றார். இந்தத் தரம் அத்தை கணவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை நெளுக்குளத்து மாமா பிஸ்கற்றோடு வந்தார், தேத்தண்ணியும் குடித்தார்.

அந்த ஊரில் ஏமாற்றியவள் யார், ஏமாந்தவர் யார், குற்றத்துக்கு என்ன பரிகாரம் என்று மாதக்கணக்கில் கதைத்தார்கள். ஒரு பெண் தன் சொந்தக் காணியில், தன் வீட்டில், தன் பொட்டோடு சும்மா இருப்பதற்குத் தலையில் ஏன் ஒரு தெய்வத்தைத் தூக்கிவைக்க வேண்டியிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது விளங்க இன்னும் பத்து வருடம் எடுத்தது. நான் தனியாக ஊர் ஊராகத் திரிந்து, ஒவ்வொரு வாடகை அறையிலும் கதவுக்குக் குறுக்கே மேசையை இழுத்துவைத்துப் படுக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

அத்தை நெளுக்குளத்துக்குப் போன நாளில் அவருடைய தலையில் முடி ஒரு விரல் அளவுகூட இல்லை. சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். மாமா பப்பாசி மரங்களைச் சுற்றி நடந்து, வேலிக் கட்டைகளைக் கையால் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் லொறியின் முன் கதவைப் பிடித்துத் தொங்கினேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

“ஏன் அத்தை வழிக்க விட்டீங்க? எவ்வளவு பாடுபட்டேன்!”

அவர் என் வலது கையை எடுத்து, கற்பூரச் சூடு பட்ட இடத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

“நல்லாத்தான் செஞ்ச புள்ள” என்றார். “பத்தும் ஒரே கனம்.”

அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் ஒரு வருடமாகக் காத்திருந்தேன். லொறி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் குசினிக்கு ஓடினேன்.

“அம்மா! நான் நல்லா செஞ்சேன்னு அத்தை சொன்னாங்க! பத்தும் ஒரே கனமாம்!”

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன்.